துவாய் அன்னம்

அக்கா,

இன்று காலை மொரிஷியஸ் ஹோட்டல் ஒன்றிலிருந்து கடைக்கு அறை உறுதிக் கடிதம் வந்தது. கடிதத்தின் தலையில் ஒரு படம் போட்டிருந்தார்கள். அகன்ற வெள்ளைக் கட்டில், சிவப்புப் பூவிதழ்கள், நடுவில் இரண்டு துவாய் அன்னங்கள். கழுத்தை வளைத்து அலகோடு அலகு முட்டிக்கொண்டு நின்றன. வாடிக்கையாளர்கள் இந்த மாதிரிப் படத்தைக் கண்டால் சிரிப்பார்கள். பெண் வெட்கப்படுவாள், மாப்பிள்ளை கைபேசியை எடுப்பான். எனக்கு வலது மணிக்கட்டு நோகும். என் வாழ்நாளில் நான் ஒரு அன்னமும் மடித்ததில்லை. நோவது உன் மணிக்கட்டு.

பாரிசுக்கு வெளியே, எங்கள் திரான்சி வீட்டுக் குசினி மேசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் செய்தாய். நான் கேட்கவில்லை. குளித்துவிட்டு வந்து கதிரையில் எறிந்த என் ஈரத் துவாயை எடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கிச் சுருட்டி, நடுவில் மடக்கி, கழுத்தைத் திருப்பி நிறுத்தினாய். கதைத்துக்கொண்டே செய்தாய். செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தாய் என்று நீயே பார்த்தாய். "ரெண்டு நிமிசம்," என்றாய். "ஆனால் உந்த ரெண்டு நிமிசம் அவங்கடை கணக்கிலை இல்லை."

நீ துப்புரவு வேலை செய்த ஹோட்டலில் ஒரு நாளைக்குப் பதினெட்டு அறை. ஒவ்வோர் அறைக்கும் இத்தனை நிமிடம் என்று கம்பனி எழுதி வைத்திருந்தது. கட்டில், குளியலறை, தூசி, குப்பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தேனிலவுக்கு வந்தவர்களின் அறை என்றால் அன்னமும் பூவும் கூட வைக்க வேண்டும். அதற்கு யாரும் நேரம் எழுதவில்லை. அந்த நேரத்தை நீ உன் சாப்பாட்டு நேரத்திலிருந்து கிள்ளிக் கொடுத்தாய். பிறகு உன் மணிக்கட்டிலிருந்து.

நான் வேலை செய்கிற ரிக்கெற் கடையை உனக்குத் தெரியும். லா சப்பல் மெற்றோவால் இறங்கி வந்தால், நகைக்கடைக்கும் தொலைபேசிக் கடைக்கும் நடுவில், ஆள் ஒருக்களித்து நுழையும் அகலத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் போய்க்கொண்டே சனிக்கிழமைகளில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நீ இருந்தாய். மரக்கறிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் கதிரையில் இருந்து, நான் திறந்து வைத்திருக்கும் ஹோட்டல் படங்களைப் பார்ப்பாய். அப்போது கொழும்பு ரிக்கெற்றும் சென்னை ரிக்கெற்றும்தான் பெரிய வியாபாரம். ஹனிமூன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இப்போது கடையின் பாதி அதுதான்.

எங்கள் சனத்தில் ஹனிமூன் ஹோட்டலை மணமக்கள் தெரிந்தெடுப்பதில்லை. பெண்ணின் தாய், மாப்பிள்ளையின் தாய், லண்டனிலிருந்து தொலைபேசியில் ஒரு மாமா, எல்லோரும் சேர்ந்து தெரிந்தெடுப்பார்கள். மணமக்கள் ஓரத்தில் நிற்பார்கள். கடலுக்கு மேல் கட்டிய அறை வேண்டாம், பிள்ளைக்குத் தண்ணீரில் கண்டம் என்பார் ஒருவர். கிட்டடியில் முருகன் கோயில் இருக்கிறதா என்பார் இன்னொருவர். ஒரு தாய், அறைக்குள் குசினி இருந்தால் நல்லது, பிள்ளைகளுக்குக் கந்தசட்டி விரதம் வருகிறது என்றார். ஹனிமூனில் விரதமா என்று மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். உனக்கு அது பெரிய முசுப்பாத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாய். ஆனால் அந்த அமளிக்குள் வாய் திறக்க மாட்டாய். அவர்கள் போன பிறகு திரையை விரலால் தட்டுவாய்.

"உந்தக் கண்ணாடிச் சுவரை ஆர் துடைக்கிறது? உதுக்கெண்டு தனிய ஒரு ஆள் வேணும்."

"வெள்ளை மாபிள். குனிஞ்சு துடைச்சு நாரி முறியும்."

"கட்டிலைச் சுவரோடை ஒட்டிப் போட்டிருக்கிறாங்கள். விரிக்கேக்கை முழங்கால் அடிபடும்."

கட்டிலில் படுக்கப் போகிறவர்களுக்காக எடுத்த படங்களை நீ கட்டிலை விரிக்கிறவளின் கண்ணால் பார்த்தாய். இன்றைக்கும் எனக்கு வேறு கண் இல்லை. ஒருநாள் உன்னிடம் கேட்டேன், நீ ஹனிமூன் போனால் எந்த ஹோட்டலில் தங்குவாய் என்று. உனக்கு முப்பது தாண்டியிருந்தது, கலியாணப் பேச்சே இல்லை. யோசிக்காமல் பதில் சொன்னாய். "கதவிலை ஒரு மட்டை தொங்கவிடுவினமெல்லோ, தொந்தரவு செய்ய வேண்டாம் எண்டு. அந்த மட்டை உள்ள எந்த ஹோட்டலும் சரி. அதைத் தொங்கவிட்டிட்டுப் படுப்பன். எனக்காக ஒருத்தியும் குனியக் கூடாது." மாப்பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அப்போது நீ அந்த ஹோட்டலில் இல்லை. வேலை போய் இரண்டு வருடமாகியிருந்தது. எப்படிப் போனது என்று நீ ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

ஒரு யூன் மாதம் நீ அன்னம் செய்வதை நிறுத்தினாய். கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. அறைகளைப் பதினாறாகக் குறைத்தால் அன்னம் செய்கிறேன், இல்லாவிட்டால் துவாயை மடித்து மட்டும் வைக்கிறேன் என்று தளத்துக்குப் பொறுப்பான பெண்ணிடம் சொன்னாய். அந்த ஒரு வசனத்தைப் பிரெஞ்சில் சொல்வதற்கு முதல் நாள் என்னிடம் கேட்டுப் பாடமாக்கினாய். ஒரு கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தேனிலவுக்கு வந்த ஒரு சோடி, விளம்பரப் படத்திலிருந்த அன்னங்கள் எங்கள் கட்டிலில் இல்லை என்று இணையத்தில் எழுதிப் போட்டது.

உன்னை வேலைக்கு வைத்திருந்தது ஹோட்டல் இல்லை, ஹோட்டலுக்கு ஆள் விடுகிற ஒரு துப்புரவுக் கம்பனி. அந்தக் கம்பனிக்கு எங்கள் பெண்களைச் சேர்த்துக் கொடுத்து, மேய்த்துக்கொண்டிருந்தவர் ஒரு தமிழர். லா சப்பலில் எல்லோருக்கும் அவர் பெரியண்ணை. கோயில் தேர், விளையாட்டுப் போட்டி, செத்தவீடு, எதிலும் முன்வரிசையில் நிற்பார். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு, விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறைக்கு அவர் ஒரு தாளோடு வந்தார். உன்னை வேறு ஹோட்டலுக்கு மாற்றுகிறோம், அங்கே பன்னிரண்டு அறைதான், அதற்கான பேப்பர் இது என்றார். நீ துவாய்க் கட்டை இடுப்பில் தாங்கியபடி, தள்ளுவண்டியின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாய். எப்போதும் போலத் தமிழில்.

கம்பனி அதன் பிரதியைத் தபாலில் அனுப்பிய பிறகுதான் நான் வாசித்தேன். அது நீயாகவே வேலையை விடுகிறாய் என்ற கடிதம். வேலையால் நிறுத்தப்பட்டவர்களுக்குத்தான் அரசாங்கம் உதவிப் பணம் கொடுக்கும். தானாக விட்டவளுக்கு இல்லை. பன்னிரண்டு அறை ஹோட்டலும் இல்லை.

நான் பதினொரு வயதில் மன்னாரிலிருந்து உன்னிடம் வந்தேன். எனக்குப் பிரெஞ்சு பிடிபட்ட நாளிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் நான்தான் வாசித்தேன். மின்சாரம், வாடகை, விசா கொடுக்கிற பிரெஃபெக்தூர், பள்ளிக்கூடம். சந்தை விளம்பரத் தாளைக்கூட நான் வாசிக்காமல் நீ எறிந்ததில்லை. வெள்ளைக்காரன் தந்த எதையும் நம்பாத நீ, தமிழன் தந்த ஒரேயொரு தாளை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஏன் என்று கேட்டேன். "எங்கடை ஆளெல்லோ. முன்னாலை நிண்டு வாசிச்சால் மரியாதை இல்லை எண்டு நினைச்சன்," என்றாய். இந்த மரியாதையால்தான் எங்கள் சனம் எங்கள் சனத்திடமே அழிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்கு முதல் கிழமை நான் உன்மேல் எரிந்து விழுந்திருந்தேன். எனக்குச் சோதினை, நான் என்ன உன்ரை கிளாக்கரோ என்று கேட்டேன். அதையும் இதில் எழுதி வைக்கிறேன். நான் பழி தீர்க்க வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன்.

நாங்கள் இருவரும் அவரைத் தேடிப் போனோம். லா சப்பலுக்கு அடுத்த மெற்றோ நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கம், தலைக்கு மேல் மெற்றோ ஓடுகிற இடத்தில் ஒரு கஃபே. அவர் எழும்பவில்லை. எனக்குப் பதினேழு வயது, மொழிபெயர்ப்பதற்காக உன்னோடு வந்தேன். மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் தமிழில் நடந்தது. உன்னை ஏமாற்ற அவருக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை.

"தங்கச்சி, கடுதாசி எண்டால் கடுதாசிதான். கையெழுத்து உம்மடைதானே?"

நீ ஓம் என்றாய். அவர் உனக்கு ஒரு கோப்பி சொன்னார். நீ அதைக் குடித்தாய். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, கோப்பையைத் தட்டில் சத்தம் வராமல் வைத்தாய்.

தொழிற்சங்கத்துக்குப் போவோம், இந்தக் கடிதத்தை எதிர்க்க வழியிருக்கிறது என்று நான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் ஆளை வெள்ளைக்காரனிடம் காட்டிக் கொடுப்பதா, நாளைக்கு அந்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாய். அவர் உன் முகத்தில் எப்படி விழித்தார் என்று நீ கேட்கவில்லை. இதற்காக உன்மேலும் எனக்குக் கோபம். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். நான் கோபிக்கிறேன்.

பிறகு இரண்டு வேலை செய்தாய். விடியற்காலையில் அலுவலகங்கள் கூட்டினாய், பின்னேரம் ஒரு உணவகத்தில் சட்டி கழுவினாய். மார்பில் வந்த கட்டியை ஏழு மாதம் எனக்கு மறைத்தாய். லீவு கேட்டால் இரண்டில் ஒன்று போய்விடும் என்று பயம். அவர் உன்னைக் கொல்லவில்லை, நோய்தான் கொன்றது. இதைத் தெளிவாக எழுதுகிறேன், கோபத்தில் பொய் சொல்கிறான் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. நோய் வந்தபோது நீ படுத்துக்கொள்ள முடியாதபடி செய்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. தேவாலயத்தில் நடந்த உன் அடக்கப் பூசைக்கும் அவர் வந்தார். அவர் கும்பிடுகிற சாமி வேறு, இருந்தும் வந்தார். முன்வரிசையில் நின்றார்.

இரண்டு கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, அவர் எங்கள் கடைக்குள் ஒருக்களித்து நுழைந்தார்.

பின்னால் அவருடைய மகள் மிதுலா, அவளுக்குப் பின்னால் அவளைக் கட்டப்போகிற பையனின் தாய். பையனுக்கு அன்று வேலையாம். ஓகஸ்டில் ஹனிமூன், செலவு பெண்ணின் தகப்பனுடையது, இடம் மொரிஷியஸ் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எந்த ஹோட்டல் என்பதுதான் பாக்கி. எனக்கு இப்போது தாடி இருக்கிறது, அவருக்கு என்னைத் தெரியவில்லை. நீ வழக்கமாக இருந்து படம் பார்த்த கதிரையில் இருந்தார்.

"தம்பி, ஊரிலை எவடம்?"

லா சப்பலில் விலை கேட்பதற்கு முதல் கேட்கிற கேள்வி. ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் தகப்பன் பெயரைக் கேட்பார்கள். நான் வவுனியா என்றேன். வவுனியாவில் எவடம் என்றார். ரவுணுக்குள்ளை என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். "அப்ப எங்கடை பிள்ளைதான்."

நான் மூன்று ஹோட்டல்களைத் திறந்து காட்டினேன். ஒன்று வடக்கில், ஒரு குடும்பம் நடத்துகிற சின்ன விடுதி. ஒன்று மேற்குக் கரையில். மூன்றாவது கிழக்குக் கரையில், தனித்தனி வீடுகள், வீட்டுக்கொரு நீச்சல் குளம், கண்ணாடிச் சுவர், கட்டிலில் அன்னங்கள். சின்ன விடுதியின் படத்தில் மிதுலாவின் கண் கொஞ்சம் நின்றது. அவர் மூன்றாவதில் விரலை வைத்தார். படத்தைப் பார்த்தால் நாலு சனம் கதைக்க வேண்டும் என்றார். மகள் பிரெஞ்சில், அப்பா, இது ரெண்டு பேருக்குப் பெரிசு என்றாள். ஒருதரம்தானே போகிறீர்கள் என்று அவர் தமிழில் பதில் சொன்னார். அந்த வீட்டில் கதை இப்படித்தான் நடக்கும் போலிருந்தது.

பையனின் தாய் கோயிலைப் பற்றிக் கேட்டார். நிறைய இருக்கிறது, காவடிகூட எடுக்கிறார்கள் என்றேன். அவருக்கு நிம்மதி. பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் உந்தக் கட்டில் சுவரோடை ஒட்டிக் கிடக்கு. விரிக்கிறவளின்ரை முழங்கால் என்னத்துக்கு ஆகும்?"

நான் அவருடைய கையைப் பார்த்தேன். தங்க வளையல்களுக்குக் கீழே தோல் நிறத்தில் மணிக்கட்டுப் பட்டி. அவரிடம் மேலே எதுவும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இப்போது ஒரு தொழில் விசயம் சொல்ல வேண்டும். ஓகஸ்டில் மொரிஷியஸின் கிழக்குக் கரையில் காற்று. கடலிலிருந்து நாள் முழுக்க அடிக்கும், மணல் கண்ணுக்குள் வரும், குடைகளைக் கயிற்றால் கட்டி வைப்பார்கள். அதே நாளில் மேற்கிலும் வடக்கிலும் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். படங்களில் காற்று விழாது. அந்த ஹோட்டலின் மலிவு விலைக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது, கையெழுத்துப் போட்ட பிறகு மாற்ற முடியாது, பணம் திருப்பித் தரமாட்டார்கள். அவராகவே விரலை வைத்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது.

தாள்களை அச்செடுத்தேன். ஆறு பக்கம். இயந்திரம் ஒவ்வொன்றாகத் துப்பிக்கொண்டிருந்தபோது நான் சந்தோசமாக இருந்தேன். அதை உனக்கு மறைக்கவில்லை. நீ போன பிறகு அப்படியொரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை.

அவர் பக்கங்களைப் புரட்டவில்லை. பேனையை எடுத்து, எங்கே வைக்கிறது என்று கேட்டார். வாசிக்கவில்லையா என்றேன்.

"நீர் எங்கடை பிள்ளை. உமக்கு முன்னாலை இருந்து உதை வாசிச்சால் உமக்கு மரியாதை இல்லை."

அக்கா, உன்னுடைய வசனம். அவருடைய வாயிலிருந்து வந்தது. பேனை தாளைத் தொடப் போனது. நான் தாளின்மேல் என் கையை விரித்து வைத்தேன்.

நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் காற்று அவர்மேல் அடிக்கப் போவதில்லை, அவருடைய மகளின் மேல்தான் அடிக்கும். அவர் பாரிசில் இருந்துகொண்டு, காலநிலை சரியில்லையாம் என்று சொல்லிவிட்டுப் போவார். யார் அடித்தான், ஏன் அடித்தான் என்று தெரியாத அடி எனக்குப் போதாது. அதோடு, அவர் வாசிக்காமல் வைத்த கையெழுத்தை நான் எடுத்துக்கொண்டால், விரிப்பு அறையில் தாளோடு நின்ற ஆள் நான்தான்.

"வாசிச்சுப்போட்டு வையுங்கோ," என்றேன். "சத்தமாய்."

அவர் சிரித்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்றார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது. அப்படியானால் மகள் வாசிக்கட்டும் என்றேன். மிதுலா தாள்களை வாங்கி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நாலாம் பக்கத்தில், பணம் திருப்பித் தரமாட்டார்கள் என்ற வரியில் நின்றாள். திரும்பி என்னிடம் பிரெஞ்சில், ஓகஸ்டில் அந்தப் பக்கம் காலநிலை எப்படி என்று கேட்டாள். காற்று என்றேன். எவ்வளவு காற்று என்றாள். குடை நிற்காத அளவு என்றேன். அவள் தகப்பனைப் பார்த்தாள். அப்படியென்றால் தம்பி முதலே சொல்லியிருப்பார்தானே என்றார் அவர்.

நான் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து உன் கடிதத்தின் பிரதியை எடுத்தேன். மூன்று வருடமாக அந்த லாச்சியில்தான் கிடக்கிறது. அதை மகளுக்கு முன்னால் வைத்தேன். "இதையும் ஒருக்கால் வாசியுங்கோ."

ஏழாம் பக்கம் என்று நினைத்திருப்பாள். நல்ல தெளிவான பிரெஞ்சில் கடைசி வரை வாசித்துவிட்டு, இது என்ன என்று கேட்டாள். என்ன பிள்ளை அது என்று பையனின் தாயும் கேட்டார். அவருக்காக அவள் தனக்குத் தெரிந்த தமிழில் மெல்ல மெல்லச் சொன்னாள்.

"நான்... என்ரை சொந்த விருப்பத்திலை... ஒருத்தரும் வற்புறுத்தாமல்... வேலையை விடுறன்."

கீழே இருந்த கையெழுத்தை அவளால் வாசிக்க முடியவில்லை. பையனின் தாய் தாளைத் தன் பக்கம் இழுத்து உன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பிரெஞ்சிலை இவ்வளவு வடிவாய் எழுதத் தெரிஞ்சவ, ஏன் தமிழிலை கையெழுத்து வைச்சவ?"

இத்தனை வருடத்தில் ஒரு அலுவலகமும் கேட்காத கேள்வி அது.

நான் சொன்னேன். அன்னம், பதினெட்டு அறை, விரிப்பு அறை, தாள், அதைக் கொண்டுவந்தவர் யார் என்பது. குரலை உயர்த்தவில்லை. சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். அது கொடுமை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"தம்பி, நீர் எவடம் எண்டு சொன்னனீர்?"

"மன்னார். நான் அவவின்ரை தம்பி. ஸ்டாலின்கிராட்டிலை நீங்கள் அவவுக்குக் கோப்பி வாங்கிக் குடுத்தனீங்கள். நானும் பக்கத்திலை இருந்தனான்."

அவர் சட்டைக் கழுத்துப் பட்டியை இழுத்து விட்டார். மகளைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக் கதைத்தார். "அந்தப் பேப்பரைக் கம்பனிதான் அடிச்சுத் தந்தது. எனக்கென்ன பிரெஞ்சு வாசிக்கத் தெரியுமே? நானும் உதை வாசிக்கேல்லை."

உண்மையாக இருக்கலாம். அதை நான் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவர், வாசிக்கத் தெரியாத இன்னொருத்திக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். மேலே எங்கோ ஒரு மேசையில் இருந்தவன் அதை எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறான். அவன் பெயர் எனக்குத் தெரியாது, இனித் தெரியப் போவதுமில்லை. ஆனால் அங்கே பன்னிரண்டு அறைதான் என்ற பொய்யை அந்தத் தாளில் ஒருவரும் அடித்துக் கொடுக்கவில்லை. அதை அவர்தான் சொன்னார், நல்ல தமிழில்.

"கடுதாசி எண்டால் கடுதாசிதான், பெரியண்ணை," என்றேன்.

அவர் அந்த வசனத்தை அடையாளம் கண்டாரோ தெரியாது. பையனின் தாய் மணிக்கட்டுப் பட்டியைத் தடவிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"எத்தினை அறை எண்டு சொன்னனீங்கள்?"

"பதினெட்டு."

"எனக்குப் பதினேழு," என்றார். பிறகு எழும்பிக் கைப்பையை எடுத்துக்கொண்டார். "சம்பந்தி, பிள்ளையளின்ரை ஹோட்டலைப் பிள்ளையள் பாக்கட்டும். வாங்கோ, சனம் வெளியிலை நிக்குது."

கலியாணம் நின்றுவிடும் என்று நினைக்காதே. மண்டபம் பிடித்தாயிற்று, அழைப்பிதழ் போயிற்று. அவர் அங்கேயும் முன்வரிசையில்தான் நிற்பார். எங்கள் சனத்தை எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒருவருக்கும் ஒரு சொல்லும் சொல்லாமலே கதை திங்கட்கிழமை பலசரக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனது. அடுத்த கிழமை இரண்டு பெண்கள், ஒருவர் காலையில், ஒருவர் பின்னேரம், ரிக்கெற் விசாரிக்க வந்தது போல வந்தார்கள். விசாரித்து முடித்துவிட்டுக் கைப்பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்தார்கள். தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு என்று கேட்டார்கள். வாசித்துச் சொன்னேன். ஒன்று வெறும் சுற்றறிக்கை. மற்றது அப்படியில்லை. அதைக் கொண்டுவந்தவருக்குத் தொழிற்சங்கத்தில் போய்ச் சந்திக்க ஒரு ரன்டேவூ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். முகத்தில் எப்படி விழிப்பது என்று அவரும் கேட்டார். அது அவருடைய பிரச்சினை என்றேன். கோபத்தில் சொன்னேன், ஆனால் அவர் சிரித்துவிட்டார்.

போன சனிக்கிழமை மிதுலாவும் பையனும் தனியாக வந்தார்கள். அவளிலும் கோபம் வைக்க வேண்டும் என்று இருந்தேன். அவள் அதற்கு இடம் தரவில்லை. வடக்கிலுள்ள அந்தச் சின்ன விடுதியைத் தெரிந்தெடுத்தார்கள், தங்கள் காசில். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டி எல்லாப் பக்கத்தையும் வாசித்தார்கள், எனக்கு அலுத்துப்போகிற வரைக்கும். ஹோட்டலுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஒரு கட்டம் வரும். அதை நான் வழக்கமாகத் தாண்டிவிடுவேன். அவள் திரையைத் தொட்டு நிறுத்தினாள்.

"அன்னம் வேண்டாம் எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். போகும்போது உன் கடிதத்தில் ஒரு பிரதி கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தேன். அதைத் தகப்பனின் தலைமாட்டில் வைப்பாளோ, கிழித்துப் போடுவாளோ, அது இனி அவர்கள் வீட்டுப் பிரச்சினை.

இன்று காலை வந்த உறுதிக் கடிதம் அந்த விடுதியிலிருந்துதான். தலையில் இரண்டு அன்னங்கள், அவர்களிடம் அந்த ஒரு படம்தான் இருக்கிறது போலும். அடியில் ஒரு வரி: உங்கள் வேண்டுகோளின்படி துவாய்கள் மடித்து மட்டும் வைக்கப்படும். நீ ஒரு கிழமை வைத்தது போல.

கடை மேசையில் ஒரு கண்ணாடி போட்டிருக்கிறது, நினைவிருக்கும். அதற்குக் கீழே உன் கடிதத்தை மடித்து வைத்திருக்கிறேன், கையெழுத்து மட்டும் தெரிகிற மாதிரி. முதலாளி கண்டுவிட்டு, இது என்ன கண்டறியாத வேலை, எடும் என்றார். நான் எடுக்கவில்லை. அவரும் பிறகு கேட்கவில்லை. இப்போது எங்கள் கடையில் யார் எதற்குக் கையெழுத்துப் போட்டாலும், தாள் உன் பெயருக்கு மேல்தான் இருக்கும். முதலில் வாசியுங்கோ என்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. மெற்றோவுக்கு நேரமாகிறது என்கிறார்கள். வரட்டும்.

பெரியண்ணை இப்போது எதிர்ப்பக்க நடைபாதையால் போகிறார். மழை என்றாலும் அந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம் கூரை இருந்தும். அவர் போகிற நேரம் எனக்கு மனப்பாடம். எழும்பிப் போய் வாசல் கண்ணாடியோடு நிற்கிறேன், கையில் வேலை இருந்தாலும் விட்டுவிட்டு.

விட்டுவிடடா, பாவம் அந்த மனுசன் என்று நீ சொல்லக் கூடியவள். கோப்பியைக் குடித்தவள்தானே. அப்படி உனக்குச் சொல்ல இருந்தால் எழுதித் தா. முழுக்க வாசித்துப் பார்க்கிறேன். கையெழுத்து வைப்பேன் என்று மட்டும் நம்பாதே.